கழுத்து வருத்தம்

என் தலை மேலும் கீழும் ஆடாது. யாராவது ஒன்று கேட்டால் மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்களே, அது எனக்கு வராது. ஓம் என்றால் வாயால்தான் சொல்வேன். வாய் நிறைய வெற்றிலை இருந்தாலும் துப்பிவிட்டுச் சொல்வேன். ஊரில் இதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். இளவயதில் ஆமி முகாமில் வாங்கிய அடியில் கழுத்து நரம்பு செத்துவிட்டதாம். என் மனைவி அதை நம்பி இருபத்தெட்டு வருஷமாக எண்ணெய் காய்ச்சித் தடவினாள். ஒருமுறை படம் எடுத்துப் பார்த்த டொக்டர், கழுத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். அவருக்குப் படிப்புப் போதாது என்று வெளியே வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். மனைவி அன்றைக்கும் எண்ணெய் தடவினாள்.

நான் மீன் வெட்டுகிறவன். திருகோணமலையில், துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தையில், புளியமரக் குத்தி ஒன்றின் முன்னால் முப்பது வருஷமாக நிற்கிறேன். அறுக்குளா மீனின் எலும்பு எந்த இடத்தில் இளகும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கைக்குத் தெரியும். நான் அரசியல் கதைத்துக்கொண்டிருப்பேன், பக்கத்துக் கடைக்காரரைச் சீண்டிக்கொண்டிருப்பேன், கை தன்பாட்டில் வெட்டிக்கொண்டிருக்கும். இதுவரை ஒரு விரலும் போகவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். அந்தக் கைக்கு வேறு என்னென்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்ததில்லை.

ஐஸ் லொறி ஓட்டி வருகிறவர் ஒருநாள் பின்னால் வந்து, சிநேகிதமாக என் பிடரியில் கையை வைத்தார். நான் திரும்பியதுகூட எனக்கு ஞாபகமில்லை. அவருடைய முன்பல் இரண்டும் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தன. இன்னொரு நாள் திடீரென்று மழை கொட்டியபோது ஒருவர் வெறுஞ்சாக்கை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார். நல்ல மனம் அவருக்கு. அவரைக் கீழே போட்டு நெஞ்சில் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது நான்கு பேர் சேர்ந்து என்னை இழுத்தெடுத்தார்கள். மகள் தன் முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு ரீ-சேட் வாங்கி வந்தாள். நான் முன்னால் பொத்தான் வைத்த சேட்டுத்தான் போடுவேன். அவள் ஆசைப்பட்டாளே என்று தலைவழியே போட்டேன். துணி முகத்தைத் தாண்டுவதற்குள் என்னவோ நடந்தது. பிறகு பார்த்தால் அலுமாரிக் கண்ணாடி நிலமெல்லாம் சிதறிக் கிடக்கிறது, என் முட்டியெல்லாம் கிழிந்து இரத்தம், மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். ரீ-சேட்டை நான் பல்லால் கிழித்திருந்தேன்.

ஒவ்வொரு முறையும் ஊர் எனக்காக ஒரே பதிலைச் சொன்னது. பாவம், அவர் பட்டது கொஞ்சமா என்று. பல் போனவர்கூட அதைச் சொல்லித்தான் பொலிசுக்குப் போகாமல் விட்டார். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதற்குள் நான் வசதியாகக் குடியிருந்தேன்.

நான் பட்டது என்ன என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் விடியற்காலையில் ஆமிக்காரர் துவக்குகளோடு வந்து ஊரைச் சுற்றி வளைப்பார்கள். ஆண்கள் எல்லோரும் மைதானத்துக்குப் போய் வரிசையில் நிற்கவேண்டும். வரிசைக்கு முன்னால் ஒருவனை நிறுத்தி வைத்திருப்பார்கள். தலையிலிருந்து இடுப்புவரை அவனுக்குச் சாக்குப் போட்டிருக்கும். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்கவேண்டும். இவனா என்று கேட்பார்கள். அவன் தலை அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆடினால் வாகனத்தில் ஏறவேண்டும். அப்படி ஏறிப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. சாக்குக்குள் நிற்பவனைத் தலையாட்டி என்பார்கள். ஏற்கனவே பிடித்து அடித்து உதைத்து வைத்திருந்த யாரோ ஒருவன்தான். நேற்றுவரை பக்கத்து வீட்டில் இருந்தவனாகவும் இருப்பான்.

எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு தலையாட்டி தலையை ஆட்டினான். நான் வாகனத்தில் ஏறினேன். இது நடந்தது, இதில் பொய் இல்லை. முகாமில் என்னைத் தலைகீழாகக் கட்டித் தூக்கி, மண் நிரப்பிய குழாயால் உள்ளங்காலில் அடித்தார்கள். மிளகாய்த்தூள் போட்ட பையை முகத்தில் கட்டினார்கள். மூச்சு எடுத்தால் நெருப்பு, எடுக்காவிட்டால் சாவு. ஐந்து மாதம் கழித்து வெளியே விட்டார்கள். இந்தக் கதையை நான் நன்றாகச் சொல்வேன். செத்தவீடுகளில் கேட்டுச் சொல்ல வைப்பார்கள். எந்த இடத்தில் நிறுத்தவேண்டும், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தவேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. சொல்லச் சொல்ல அது மெருகேறிக்கொண்டே போனது. கதையில் நான் வரிசையில் நிற்பேன், எதிரே சாக்கு நிற்கும், ஓட்டைக்குள் இரண்டு கண் தெரியும். நான் கண்ணை மூடினாலும் அப்படியேதான் தெரிந்தது.

இனி நடந்ததற்கு வருகிறேன். எனக்கு இருப்பது ஒரே மகள். போன வருஷம் அவளுக்குக் கலியாணம் நடந்தது. மருமகன் உப்புவெளிக்காரர், புல்மோட்டைப் பக்கம் வேலைக்குப் போய்வருகிறவர், பரம சாது. மகளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை கிளினிக் முடிந்து இருவரும் சந்தைப் பக்கம் வந்திருக்கிறார்கள். மகள் வெயிலுக்கு ஒதுங்கி வீதிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டாள். மருமகன் மட்டும் என் குத்திக்கு முன்னால் வந்து நின்றார். தலையில் முகத்தையும் மூடுகிற ஹெல்மெட். கறுப்புக் கண்ணாடியைத் தூக்கவில்லை. மாமனாருக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை என்று அவருக்கு உள்ளே சிரிப்பு. கொஞ்ச நேரம் விளையாடிப் பார்ப்போம் என்று நினைத்திருக்கிறார்.

என்ன வேண்டும் என்று கேட்டேன். பதில் இல்லை. குத்தியில் கிடந்த பாரை மீன் ஒன்றை விரலால் காட்டி, இதுவா என்றேன். ஹெல்மெட் மெதுவாக மேலும் கீழும் ஆடியது.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்தான். மிச்சம் மற்றவர்கள் சொன்னது. கத்தியைத் திருப்பிப் பிடித்திருக்கிறேன், அதனால்தான் மருமகன் உயிரோடு இருக்கிறார். கத்தி முதுகின் முதல் அடியில் ஹெல்மெட் கண்ணாடி வெடித்தது. இரண்டாவது அடியில் காறையெலும்பு முறிந்தது. விழுந்தவர் மேல் ஏறி உட்கார்ந்து, ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துச் சிமெந்துத் தரையில் மோதினேன். நிறுத்தாமல் மோதினேன். கண்ணாடித் துண்டு அவர் கன்னத்தைக் கிழித்து, மீன் கழுவிய தண்ணீரோடு இரத்தம் ஓடியது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்து ஓடிவந்து என் முதுகில் குத்தினாள். குத்துவது யார் என்று திரும்பிப் பாராமல் முழங்கையைப் பின்னால் வீசினேன். அது அவளுடைய வயிற்றுக்கு நான்கு விரல் மேலே பட்டது.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அந்த மூன்று நாளும் நான் வாசலில் குந்திக்கொண்டிருந்தேன், உள்ளே விடவில்லை. பொலிஸ் வந்து கேட்டபோது மருமகன், சந்தையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டார். என்னை அதே ஆஸ்பத்திரியில் மனநலம் பார்க்கிற டொக்டரிடம் அனுப்பினார்கள். இளம் பெண், நல்ல பொறுமைசாலி. மனிதனுக்கு ஒரு ஞாபகம் அல்ல, இரண்டு இருக்கிறது என்று விளக்கினார். ஒன்று நாங்கள் அறிந்து வைத்திருப்பது, கேட்டால் எடுத்துச் சொல்வது. மற்றது உடம்பில் கிடப்பது, எங்களிடம் கேட்காமலே வேலை செய்வது. மீன் வெட்டுகிற கையும் சாக்கைக் கண்டால் அடிக்கிற கையும் அந்த இரண்டாவதைச் சேர்ந்தவை. ஹெல்மெட்டைக் கண்டதும் உங்கள் உடம்பு அந்தத் தலையாட்டியைக் கண்டிருக்கிறது என்றார்.

எனக்கு மிகவும் சந்தோஷம். இவ்வளவு காலமும் ஊர் வாயால் சொன்னதைப் படித்த ஒருவர் முறைப்படி சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து மனைவிக்கு விளங்கப்படுத்தினேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவம் நீங்கள் என்றாள். மருமகன் போனில், பரவாயில்லை மாமா, நான் விளையாடினது பிழை என்றார். மகள் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எடுத்தால் போனைத் தாயிடம் கொடுக்கச் சொன்னாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவதுதான் முறை. அறையைக் கழுவிப் புதுப் பாய் வாங்கி வைத்திருந்தோம். அவள் வரமாட்டேன் என்று தாயிடம் சொல்லிவிட்டாள். மூன்று கிழமை இப்படியே போனது. நான் மீனைக் கொத்தினேன், வெட்டவில்லை. வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்த நேரம், இருவரும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். மருமகனுக்குக் கை கழுத்தோடு கட்டியிருந்தது. நான் குசினிக்குள் கதிரையில் இருந்தேன். மனைவி நிலத்தில் இருந்து திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். மகள் உட்காரவில்லை. வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கேட்டாள்.

"அடிக்கேக்கை நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ அப்பா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹெல்மெட்டுக்குள் கிடந்து எல்லாவற்றையும் கேட்டவர் அவர்தான். ஆஸ்பத்திரியில் வைத்து அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

"'ஆட்டாதை, ஆட்டாதை, ஆட்டினாலும் உன்னை விடமாட்டாங்கள்' எண்டு சொல்லிச் சொல்லி அடிச்சனீங்கள். வரிசையிலை நிண்டவருக்கு அது எப்பிடி அப்பா தெரியும்?"

திருவலைச் சத்தம் நின்றது.

நான் எழும்பிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதப் பிடிக்கவில்லை. கதிரையைத் தூக்கிச் சுவரில் அடித்தேன், கால் ஒன்று கழன்று போனது. அடுப்பில் இருந்த சட்டியை உதைத்தேன், குழம்பு கொட்டியது. பெற்ற தகப்பனை விசாரிக்க வந்துவிட்டாய், நீ யார், பொலிசா என்று கேட்டேன். மகள் அசையவில்லை. சின்ன வயதில் என் கத்தலுக்குச் சுவரோடு ஒட்டுகிற பிள்ளை, அன்றைக்கு இரண்டு உயிரோடு நேரே நின்றாள். என்ரை பிள்ளை இந்த வீட்டுப் படி ஏறவேணுமெண்டா நீங்கள் சொல்லத்தான் வேணும், இல்லாட்டி இதுதான் நான் இஞ்ச வாற கடைசி நாள் என்றாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். ஞாபகம் வைத்திருந்தேன் என்றால் அதுவும் பொய்தான். வீட்டில் ஓர் அறை இருக்கிறது, அதன் பக்கம் போவதில்லை, போவதில்லை என்பதையும் நினைப்பதில்லை, அவ்வளவுதான். மகள் என் வாயிலிருந்து விழுந்த சொல்லை எடுத்துவந்து என் முன்னால் போட்டபோது எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, கோபம். என்னுடைய கையும் வாயும் எனக்குத் தெரியாமல் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டனவே என்ற கோபம்.

சொன்னேன். அன்றைக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு அரசாங்கக் கந்தோர்களில் சொல்லிவிட்டதால் இப்போது ஒழுங்காக வருகிறது. இந்த ஒழுங்கு எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பிடித்துக்கொண்டுபோன எட்டாவது நாள் என்னை வெளியே எடுத்தார்கள். உள்ளங்கால் வெடித்து, செருப்பு ஏறவில்லை. சாக்கைப் போட்டார்கள். நகரத்துக்கு வடக்கே கடற்கரையோடு இருந்த ஒரு மைதானத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மூன்று பேருக்கு ஆட்டினால் நீ வீட்டுக்குப் போகலாம், ஆட்டாவிட்டால் இங்கேயே போட்டுவிடுவோம் என்றார்கள். ஒருவன் பின்னால் நின்று சாக்கோடு சேர்த்து என் பிடரியைப் பிடித்திருந்தான். சனம் ஒவ்வொருவராக வந்தது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் என் காலைத்தான் பார்த்தார்கள். சாக்குக்குள் யார் என்பதைக் காலை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கால்களைப் பெற்ற தாயே கண்டாலும் அடையாளம் கண்டிருக்க மாட்டாள். இன்றைக்கும் நான் கோயிலுக்குப் போவதில்லை. சாமி பூதம் ஒன்றும் இல்லை என்று வாய் கிழியக் கதைப்பேன். உண்மை என்னவென்றால், வெறுங்காலோடு சனத்துக்கு முன்னால் நிற்க என்னால் ஏலாது.

முன்னால் வந்தவர்களுக்கு நான் ஆட்டவில்லை. பிடரியில் இருந்த கை நெரித்துக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ ஒருவருக்கு ஆட்டினேன், முகம் தெரியாத ஆள். அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்சம் பொறுத்து இன்னொருவருக்கு ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார், நான் ஆட்டிய பிறகு கும்பிட்டார். அவர் வாயில் துவக்குப் பிடியால் அடித்தார்கள். வரிசை குறைந்துகொண்டு வந்தது. மூன்றாவது ஆள் இன்னும் இல்லை. வரிசையின் கடைசியில் ஒருவர் நின்றார், வயதானவர்களை முன்னால் போகவிட்டுவிட்டுத் தான் பின்னுக்கு நின்றவர். அவர் வந்து நின்றார். அவரை எனக்குத் தெரியும். எங்கள் தோணி எஞ்சினைத் திருத்தித் தந்தவர், கூலியை விடத் தேத்தண்ணியைப் பெரிதாக நினைக்கிற மனிதர். அவர் காலைப் பார்த்தார். பிறகு ஓட்டைக்குள் என் கண்ணைப் பார்த்தார். இவனா என்று கேட்டார்கள். அவருக்குப் பின்னால் வேறு ஒருவரும் இல்லை.

இவ்வளவும் நான் சொல்லும்வரை மனைவி எழும்பவில்லை. கையில் பாதித் தேங்காயைப் பிடித்தபடி இருந்தாள்.

"அது என்ரை அண்ணனோ?" என்றாள்.

"ஓம்," என்றேன்.

அவளுடைய மூத்த அண்ணன். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவளை வளர்த்தவர். நான் முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு, பொழுதுபட மீன் கோர்வையோடு அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். ஏன் போகிறேன் என்று நான் என்னைக் கேட்கவில்லை. சைக்கிளை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த ஒழுங்கைக்குள்தான் போய் நின்றது. முதலில் இரக்கம் என்று நினைத்தேன். பிறகு காதல் என்று நினைத்தேன். காதலும்தான். அதைப் பொய் என்று யாரும் என்னிடம் சொல்லவேண்டாம். அந்தப் பெண் தமையனைத் தேடி முகாம் முகாமாக அலைந்தபோது கூடப் போனவன் நான். அவரைத் தேடித் தரச் சொல்லி அவள் எழுதிய கடிதங்களுக்கு முத்திரை ஒட்டியவன் நான்.

அவள் எழும்பி வந்து அந்தத் தேங்காய்ப் பாதியால் என் முகத்தில் அடித்தாள். சிரட்டை விளிம்பு கன்ன எலும்பில் இறங்கியது. இரண்டாவது அடியில் உதடு பிளந்து பல்லில் பட்டது. மூன்றாவது அடிக்கு ஓங்கினாள். நான் அந்த அடிகள் எல்லாவற்றையும் வாங்கத்தான் நினைத்தேன். முழு மனதோடு நினைத்தேன். ஆனால் கை எழுந்துவிட்டது. அந்த நேரத்திலும் எழுந்துவிட்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியது. அவள் கத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தாள். மருமகன் ஒற்றைக் கையோடு வந்து என் வயிற்றில் உதைத்தார். நான் கொட்டிக் கிடந்த குழம்பில் போய் விழுந்தேன். பரம சாது என்று சொன்னேனே, அவர் திரும்பவும் உதைத்தார். மகள் தடுக்கவில்லை. தாயைத் தூக்கி மணையில் இருத்தினாள்.

மனைவியின் வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை. எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, கடிதப் பிரதிகள் எல்லாம் வைத்திருக்கிற உறையைக் கொண்டுவந்தாள். புதுத்தாள் ஒன்றை மகளிடம் கொடுத்து எழுதச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். இருபத்தெட்டு வருஷமாக என்னை நீங்கள் என்றே அழைத்தவள் அவள்.

"நீ முதலிலையிருந்து சொல்லு," என்றாள்.

வாயில் இரத்தம் வர வரச் சொன்னேன். எந்த மைதானம், எத்தனை வாகனம், எந்தப் பக்கம் போனது, அவர் ஏறும்போது நடக்கக்கூடியதாக இருந்ததா என்று கேட்டுக் கேட்டு எழுதுவித்தாள். என்ன உடுத்திருந்தார் என்று கேட்டாள். சாரமும் நீலக்கோடு போட்ட சேட்டும், கழுத்துப் பொத்தான் இல்லை என்றேன்.

அது பிழை, வெள்ளைச் சேட்டு என்றாள். முதல்நாள் தானே மினுக்கி மடித்து வைத்த சேட்டு, அது தன் கண்ணுக்குள் நிற்கிறது என்றாள். உறையிலிருந்து கடிதங்களை உதறிக் காட்டினாள். எல்லாவற்றிலும் வெள்ளைச் சேட்டு என்றுதான் இருந்தது. நான் நீலக்கோடு என்றேன். பொய் சொல்கிறாய், இவ்வளவு செய்துவிட்டு இப்போதும் பொய் சொல்கிறாய் என்று தாளை என் முகத்தில் எறிந்தாள். ஓட்டைக்குள்ளால் நான் வேறு எங்கே பார்ப்பது, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சேட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றேன். ஒவ்வொரு கோடும் தெரியும் என்றேன்.

அவள் வாய் திறந்தபடி நின்றது.

"வெள்ளைச் சேட்டு அண்டைக்குப் பின்னேரம் அலுமாரிக்குள்ளைதான் கிடந்தது. நான் மினுக்கி வைச்ச மடிப்புக் கலையாமல். நான்தான் எடுத்து மணந்து பாத்தனான்." மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "முப்பது வருசத்துக்கு மேலை வெள்ளைச் சேட்டுக்காரன் ஒருத்தனைத் தேடச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கிறன்."

அப்போதுதான் அழுதாள். அந்த அழுகையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. அழுது முடிய, மகளின் கையில் இருந்த தாளைக் காட்டி, நீலக்கோடு என்று போடு என்றாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"இனி நீ எனக்குப் புருசன் இல்லை, சாட்சி. நான் கூப்பிடுற இடமெல்லாம் வந்து இதைச் சொல்லவேணும். அது முடியுமட்டும் நீ சாகக்கூடாது."

மகள் எழுதி முடித்துத் தாளை என் முன்னால் நிலத்தில் வைத்தாள். பேனையின் மூடியைக் கழற்றித் தந்தாள். பிள்ளை பிறந்தால் இங்கே கொண்டுவருவாயா என்று அவளிடம் கேட்டேன். கேட்க எனக்கு வெட்கமாக இருக்கவில்லை, அந்த ஒன்றுக்காகத்தான் வாயைத் திறந்தேன்.

"முதலிலை கையெழுத்தை வையுங்கோ," என்றாள்.

வைத்தேன். அவள் தாளை எடுத்து மை காயுமட்டும் ஊதினாள். பிறகு தாயின் சேலைகள் சிலவற்றை ஒரு பையில் அடுக்கத் தொடங்கினாள்.